கேப்சர் கார்டு வாங்காத வருடம்

பெண் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டான். மலேசியாவில், சிரம்பான் டவுனில் லோபாக் பக்கம், ஒரு மாடிக் கடையில் கம்ப்யூட்டர் பாகங்களின் விலையை அச்சடித்துத் தாள் தாளாகச் சும்மா கொடுப்பார்கள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நீலாய்க்குப் போகும் பேக்டரி பஸ்ஸில் படிப்பேன். கேன்டீனில் படிப்பேன். வரும்போதும் படிப்பேன். வியர்வையில் அது நைந்து போனதும் சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் இன்னொன்று வாங்கி வருவேன். கடைக்காரச் சீனப் பையன் என் தலையைப் பார்த்ததும் தாளை நீட்டிவிடுவான், என்ன வேண்டும் என்று கேட்க மாட்டான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. நீலாயில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. எங்கள் சூப்பர்வைசர் வீட்டுக்கு நோன்புப் பெருநாள் விருந்துக்குப் போனபோதுதான் அந்தப் பேய் பிடித்தது. அவர் மகன் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். சுவரில் நிழல் விழுகிறது, தண்ணீரில் வெளிச்சம் ஆடுகிறது, வெடித்தால் புகை வருகிறது. நான் கையில் தட்டோடு போய் நின்றவன், தட்டிலிருந்த ரெண்டாங் கறி ஆறி எண்ணெய் உறையும்வரை அங்கேயே நின்றேன்.

ரெடிமேட் மெஷின் வேண்டாம், பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டுவது என்று முடிவு செய்தேன். பணக்கார மெஷினும் இல்லை, ஆபீஸில் தட்டச்சு செய்கிற மெஷினும் இல்லை. நடுத்தரம். அந்த நடுத்தரத்தில்தான் எல்லா வினையும். கையில் நிறைய இருக்கிறவன் எல்லாவற்றிலும் நல்லதாக எடுப்பான். ஒன்றும் இல்லாதவன் கிடைத்ததை எடுப்பான். நடுவில் இருக்கிறவன் மட்டும்தான் ஒன்றை எடுக்க இன்னொன்றை விட வேண்டும். எதை விடுகிறான் என்பதில் அவன் யார் என்று தெரிந்துபோகும். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சிப்பில் மலிவானதை எடு, வேகத்தைக் கொஞ்சம் முடுக்கிவிட்டால் விலை கூடின சிப்பைப் போலவே ஓடும் என்று பேக்டரி நண்பன் ஒருவன் சொல்லிக் கொடுத்தான். சரி, சிப்பில் மிச்சம் பிடித்தாயிற்று. மோனிட்டர் பதினேழு அங்குலம் ஆசை. பதினைந்தே போதும் என்று மனசைத் தேற்றினேன். எங்கள் தோட்டத்தில் காற்று பலமாக அடித்தாலே கரண்ட் கண் சிமிட்டும். அதனால் பவர் சப்ளையில் மட்டும் கை வைக்கவில்லை. கடைசியில் மீதி இருந்தது ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குள் பக்கத்து வீட்டு அக்கா இருந்தாள்.

எங்கள் தோட்டம் தம்பின் பக்கம். ரப்பர் பால் மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்டு வெகு நாளாகியிருந்தது. லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கும் அக்காவுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அந்தச் சுவர் கூரைவரை போகாது. மேலே ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்திருக்கும். அவர்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் பசிக்கும். எங்கள் வீட்டில் அம்மா என்னைத் திட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து அக்கா எனக்காகப் பரிந்து பேசுவாள். சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனால் பிறந்ததிலிருந்து அக்காதான்.

அவள் புருஷன் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டினவர். செம்மண் மேட்டில் மழை நாளில் லாரி கவிழ்ந்து போய்விட்டார். அப்போது பாப்பா வயிற்றில். அவர் லாரி ஓட்டியதைவிடத் தோட்டத்துக் கல்யாணங்களில் பந்தி பரிமாறியதுதான் பேர் பெற்றது. சாம்பார் வாளியைத் தூக்கினால் மண்டபமே அவர் கையில். ஏதாவது ஒரு வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் தண்ணியாக இருந்தால் இன்றைக்கும் எங்கள் ஆட்கள் அவரைத்தான் நினைத்துக்கொள்வார்கள்.

அவர் வீடியோவில் விழுந்தது ஒரே ஒரு தடவை, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மகள் கல்யாணத்தில். அந்தக் காலத்து வீடியோக்காரர்களைப் பற்றித்தான் தெரியுமே, கல்யாணத்தில் யார் என்ன பேசினாலும் அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். தாலி கட்டும்போது பாட்டு, ஆசீர்வாதத்துக்குப் பாட்டு, மாப்பிள்ளை காரில் ஏறினால் அதற்கும் பாட்டு. ஆனால் பந்தியில் ஓர் இடத்தில் அந்த வீடியோக்காரன் மறந்துவிட்டான். அங்கே மட்டும் உண்மையான சத்தம் இருந்தது. "சூடு சூடு, ஒதுங்கு லா! எலைய நல்லா விரி, யாருக்குப் பத்தல?" என்று அவர் வாளியோடு வருவார், காமிராவைப் பார்த்துச் சிரிப்பார். அவ்வளவுதான் அவர் குரல் உலகத்தில் மிச்சம் இருந்தது. மண்டோர் வீட்டில் லயமே கூடி அதைப் பார்த்திருக்கிறோம். அவர் போன பிறகு மண்டோர் வீட்டார் அந்த டேப்பையே அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள்.

நான் கம்ப்யூட்டர் பூட்டப் போகிறேன் என்று லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அக்கா வந்தாள், பாப்பா அவள் கைலியைப் பிடித்துக்கொண்டு பின்னால்.

"தம்பி, அந்தப் பொட்டியில டேப்ப ஏத்தி வெச்சிக்கலாமாமே, நெசமா?"

"ஏத்தலாம்கா. கேப்சர் கார்டுன்னு ஒன்னு இருக்கு. அத உள்ள பூட்டி, டேப் ஓட்டுற மெஷின இணைச்சா படமும் சத்தமும் அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள வந்துரும். அப்புறம் எத்தன தரம் போட்டாலும் தேயாது."

"டேப்ப ஓட்ட ஓட்டத் தேஞ்சிடும்னு மண்டோர் மவன் சொன்னான். அதுக்குப் பயந்து நான் போட்டே பாக்கல. இவ தொணதொணங்கிறா தம்பி. மத்த புள்ளைங்கள அவங்கவங்க அப்பா கூப்புடுறாங்களாம், எங்கப்பா எப்பிடிக் கூப்புடுவாருன்னு கேக்கிறா. நான் என்னா குரல்ல சொல்லிக் காட்டுறது?"

சிரம்பானில் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டாள். அவருடைய ஒரே நல்ல போட்டோவைப் பெரிதாக்கக் கொடுத்து ஸ்டூடியோக்காரன் தொலைத்துவிட்டிருந்தான். அதற்குப் பிறகு அவர் சம்பந்தப்பட்ட எதையும் அவள் கண்ணை விட்டு வெளியே அனுப்புவதில்லை. பக்கத்து வீடு என்றால் பரவாயில்லை. சுவருக்கு மேலே எட்டினால் தெரியும் தூரம்தானே.

"கண்டிப்பா வாங்குறேன்கா," என்றேன். எனக்கு வாய் நீளம், எப்போதும்.

மறுநாளே அவள் தன் வீட்டு மேசையைத் தூக்கி வந்து எங்கள் கூடத்தில் போட்டுவிட்டாள். லாரியில் கிடைத்த பலகைகளை வைத்து அவர் அடித்த மேசை. கனமானது, நாலு காலும் யானைக் கால். "ஒங்கிட்ட நல்ல மேசை ஏது? இதுல வையி," என்றாள். பாப்பாவிடம் குனிந்து, "மாமா பொட்டி வாங்கட்டும். அதுல அப்பா பேசுவாரு, நீ கேக்கலாம்," என்றாள்.

ஆக, கேள்வி இதுதான்: கேப்சர் கார்டா, த்ரீடி கார்டா? கேப்சர் கார்டு அக்காவின் டேப்புக்கு. த்ரீடி கார்டு அந்த நிழலுக்கும் தண்ணீருக்கும் புகைக்கும். அது இல்லாவிட்டாலும் விளையாட்டு ஓடும்; கட்டம் கட்டமாக, களிமண் பொம்மை நடப்பதுபோல ஓடும்.

கடைக்காரப் பையன் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ரெண்டும் போட்டா பட்ஜெட் ஓடிரும், பாங். சத்து சாஜா," என்றான், ஒன்றுதான் என்று ஒற்றை விரலைக் காட்டி. நான் படிக்கட்டில் இறங்கிப் போய் ஒரு சிகரெட் பிடித்தேன். டேப் எங்கே ஓடிப் போகப்போகிறது? இத்தனை வருடம் இருந்தது, இன்னும் இரண்டு மாதம் இருக்காதா? கார்டு விலையும் இறங்கும். இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். மேலே ஏறும்போதே தீர்ப்பு முடிந்துவிட்டது. த்ரீடி கார்டின் டப்பாவில் நெருப்பு கக்கும் ஒரு டிராகன் படம் போட்டிருந்தது. வெட்கக்கேடு, அந்த டிராகனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவு சந்தோஷம்.

அட்டைப் பெட்டிகளோடு வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள், "அவளுக்குள்ளத வாங்கிட்டியா?"

"ஸ்டாக் இல்லம்மா. வரணும்."

அந்தப் பொய் வாயிலிருந்து வந்த வேகத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டினேன். அக்கா குளித்து முழுகி, சூடம், எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் ஆட்கள் புது மோட்டார் வாங்கினாலும், புதுத் தையல் மெஷின் வாங்கினாலும் பொட்டு வைக்காமல் ஓட்ட விடமாட்டார்கள். கேசிங்கின் நெற்றியில் பொட்டு, மோனிட்டருக்குப் பொட்டு, மௌஸுக்குக்கூட ஒன்று. ஸ்டாக் வரவில்லை என்று சொன்னேன். "அதுக்கென்னப்பா, வரட்டும்," என்றாள். பிறகு, "அது எந்த எடத்துல வரும்?" என்று கேட்டாள்.

கேசிங்கைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். கார்டு செருகாத காலி இடங்களைத் தகரப் பட்டையால் மூடியிருப்பார்கள். அதில் ஒன்றைத் தொட்டு, "இங்கதான்கா வரும்," என்றேன். அவள் குனிந்து அந்த வெறும் தகரத்துக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

பிறகென்ன, விளையாடினேன். வேலை முடிந்து வந்தால் குளிக்கக்கூடத் தோன்றாது. அந்த விளையாட்டில் ஒரு தளபதி உண்டு. கட்டைக் குரல். என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் கர்ஜிப்பான், தப்புப் பண்ணினால் திட்டுவான், ஒரு கட்டம் முடித்துவிட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பான். நான் ஸ்பீக்கரிலும் மிச்சம் பிடிக்கவில்லை, கீழே வைக்கிற பெரிய பாஸ் பெட்டியோடு வாங்கியிருந்தேன். அவன் சிரித்தால் சமையல்கட்டில் கரண்டி அதிரும்.

"சத்தம் தொந்தரவா இருக்காக்கா?" என்று சுவருக்கு மேலே குரல் கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

"இல்ல தம்பி, நீ வெளையாடு. நீ போட்டாதான் பாப்பா சேட்ட பண்ணாம படுத்துக்கிறா," என்பாள்.

எவ்வளவு நல்ல அண்டை வீடு என்று நினைத்துக்கொள்வேன். மேசைக்குப் பின்னால் வயரைச் சொருகக் கையை நீட்டும்போதெல்லாம் அந்தக் குங்குமப் பொட்டு கண்ணில் படும். அப்புறம் கண்ணில் படாமல் இருக்கக் கேசிங்கைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்துவிட்டேன்.

தீபாவளிக்கு போனஸ் வந்தது. புது விளையாட்டு ஒன்று வந்திருந்தது, அதற்கு ரேம் பத்தவில்லை. ரேம் வாங்கினேன். அட, வாங்காமல் இருந்தால் செத்தா போயிருப்பேன்? அக்காவிடம், "அந்த கார்டு மாடல் நின்னுபோச்சாம்கா, வேற மாடல் வருது," என்றேன். அவள் மறுபடியும், "வரட்டும்ப்பா," என்றாள். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவ மேசையில ஒக்காந்துக்கிட்டு அவளுக்கே கத வுடுறியே, நீயெல்லாம் சோறுதான திங்கிற?"

"போம்மா, ஒனக்கு என்னா தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். அவளுக்குத் தெரிந்ததுதான் எனக்குக் கோபம்.

அவருடைய திவசம் வந்தது. அக்கா வீட்டில் சாமிப் படங்களுக்குக் கீழே படையல். அவரது நல்ல போட்டோ இல்லாததால் அந்த டேப்தான் அங்கே இருந்தது. நான் அன்றைக்குத்தான் அதைக் கவனித்துப் பார்த்தேன். விளக்குக்குப் பக்கத்திலேயே, அட்டை உறைகூட இல்லாமல், சந்தனமும் குங்குமமும் அப்பி, மேலே சாமந்திப் பூ. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டி வைத்திருக்கிறாள். புருஷனை வேறு எங்கே வைப்பாள்? போர்டு சோதிக்கிறவன் நான், ஈரமும் புகையும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். "கா, இத இங்க வைக்காதீங்க," என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏன் என்று கேட்டால், இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்ற கேள்வியும் கூடவே வருமே. மூடிக்கொண்டேன். இலை நிறையச் சோறும் சாம்பாரும் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

அடுத்த வாரமே கேப்சர் கார்டு வாங்கிவிட்டேன். பேக்டரி நண்பனிடம் பழையது ஒன்று இருந்தது. இத்தனைக்கும் அவனிடம் அது ஆறேழு மாதமாகச் சும்மா கிடந்திருக்கிறது. நான் கேட்டதே இல்லை. எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் டேப் ஓட்டும் மெஷினை இரவல் வாங்கினேன். குங்குமப் பொட்டு வைத்த தகரத்தைக் கழற்றி அந்த இடத்திலேயே கார்டைச் செருகினேன்.

ஞாயிறு மத்தியானம். அக்கா சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், கோயிலுக்குப் போவதுபோல. பாப்பாவுக்குத் தலை வாரி ரிப்பன். டேப்பை என் கையில் கொடுத்தாள். சூட வாசனை. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே நாடாச் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம், மாவு தூவினதுபோல.

"என்னா தம்பி?"

"ஒன்னுமில்லக்கா, கொஞ்சம் தூசி."

பஞ்சால் துடைத்தேன். ஓட்டக் கூடாது என்று உள்ளே ஒருவன் கத்தினான். ஆனால் அந்தச் சேலையையும் ரிப்பனையும் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை "பிறகு" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போட்டேன்.

படம் வந்தது. கோடு கோடாக, பனி கொட்டுவதுபோல. மாப்பிள்ளை, பெண், மூழ்கிப்போன பாட்டு. அக்கா விரலை நீட்டி, "இப்ப வரும், இப்ப வரும்," என்று முணுமுணுத்தாள். பந்தி வந்தது. பாட்டு நின்றது. வாளியோடு அவர் வந்தார். வாயைத் திறந்தார். கர்ர்ர் என்று ஓர் இரைச்சல், அவ்வளவுதான். காமிராவைப் பார்த்து அவர் சிரிக்கும்போது படம் நீலமாகிவிட்டது. மெஷினுக்குள் ஏதோ மெல்லுகிற சத்தம். பிடுங்கி எடுத்தபோது நாடா அறுந்து குடல் மாதிரி வெளியே தொங்கியது.

அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். ஒரு வருடத்துக்கு முன்னால் போட்டிருந்தால் குரல் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். இல்லை, அப்போதே போயிருக்கும் என்று யாராவது எனக்குச் சத்தியம் பண்ணிச் சொன்னால் அவர் காலில் விழுந்துவிடுவேன்.

"அக்கா, ஸ்டாக் வரலன்னு சொன்னது பொய்க்கா. அந்தக் கடையில அன்னிக்கே இருந்திச்சி. நான்தான் எனக்கு வேற வாங்கிட்டேன்."

அவள் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரியும்ப்பா," என்றாள். "வயசுப் புள்ள, ஆசப்பட்ட." கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம். பாவி, விடவில்லை.

பாப்பாதான் அக்காவின் முந்தானையை இழுத்தாள். அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

"அம்மா, இது அப்பா இல்ல. அப்பா இப்பிடிப் பேச மாட்டாரு."

"பின்ன எப்பிடிடி பேசுவாரு?"

"சத்தமா! டெய்லி பேசுறாரு தானே, மாமா பொட்டியில? இங்கிலீசுல திட்டுவாரு, அப்புறம் ஹா ஹா ஹான்னு சிரிப்பாரு. நான் படுத்துக்கிட்டே கேப்பேன்."

அக்கா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை விவரிக்க எனக்கு வராது. அவளுக்கும் அது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, டேப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு, போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. டிராகன் டப்பாவைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன், அதனால் என்ன ஆகிவிடப் போகிறது. மேசையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "குடுத்தா அவ மூஞ்சில அறையிற மாரி," என்றாள் அம்மா. வெள்ளிக்கிழமை சும்மா ஒன்று பார்ப்போம் என்று போட்டேன், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல்.

கொஞ்ச நேரத்தில் யாரோ தோளைத் தொட்டார்கள். அக்கா. ஹெட்போனை இறக்கினேன். அழுது முடித்துக் கழுவின முகம். சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பா சிணுங்குவது கேட்டது.

"ஒரு வாரமா தூங்க மாட்டேங்கிறா தம்பி. அப்பா ஏன் பேசலன்னு கேக்கிறா." முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "நான் அவ கிட்ட ஒன்னும் சொல்லல. பள்ளிக்கூடம் போனா தானா தெரிஞ்சிக்குவா. அதுவரைக்கும் சத்தத்த வையி."

"அக்கா, வேணாம்கா..."

"வையிப்பா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஹெட்போன் வயரைப் பிடுங்கினேன். ஸ்பீக்கர் திறந்துகொண்டது. நான் ஏதோ தப்புப் பண்ணியிருந்தேன்போல, தளபதி வழக்கம்போலக் கத்தித் திட்டினான்.

சுவருக்கு மேலிருந்து பாப்பாவின் குரல் வந்தது, தூக்கக் கலக்கத்தோடு, "சரிப்பா," என்று.